பைக் ரைடுக்கு ப்ளூடூத் செட் வாங்கப் போறீங்களா? பாட்டுக்கு முன்னாடி ஹாரன் சத்தம் கேட்கணும்!

வார இறுதியில் ஏற்காடு ரைடு போகிறவரோ, நாள் முழுக்க டெலிவரி பைக் ஓட்டுகிறவரோ, மேப் சொல்லும் வழியைக் கேட்கவும் வீட்டில் இருந்து வரும் அழைப்பை எடுக்கவும் காதருகே ஒரு கருவி தேவைப்படுகிறது. பலரும் கையில் இருக்கும் இயர்பட்ஸையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது ஏன் சரியான வழி இல்லை? அதற்குப் பதிலாக எதை வாங்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

காதுக்கு எதிரி இன்ஜின் சத்தம் இல்லை

பைக்கில் வேகம் கூடக் கூட இன்ஜின் சத்தத்தைவிட காற்றின் இரைச்சல்தான் அதிகம். ஹெல்மெட்டின் கீழ்ப்பகுதியில் காற்று சுழன்று மோதுவதுதான் இதற்கு முக்கிய காரணம். 100 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 100 டெசிபலை ஒட்டிப் போகிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வகுத்துள்ள கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான்!

இந்த இரைச்சலைத் தாண்டி பாட்டு கேட்க வால்யூமைக் கூட்டினால் என்ன ஆகும்? காதுக்கு இரட்டை அடி. பின்னால் வரும் லாரியின் ஹாரனும் கேட்காது.

இயர்பட்ஸ் ஏன் வேண்டாம்?

ஹெல்மெட் மாட்டும்போது இயர்பட்ஸ் நழுவும், அல்லது காதுக்குள் அழுத்தி வலிக்கும். ஓடும் வண்டியில் ஒன்று கழன்றுவிட்டால் கவனம் முழுக்க அங்கேதான் போகும். கையுறை போட்ட விரலால் அதை இயக்கவும் முடியாது. காதை முழுவதும் அடைத்து, நாய்ஸ் கேன்சலேஷனையும் போட்டுவிட்டால் ரோட்டில் கேட்க வேண்டிய சத்தங்களும் மங்கிவிடும்.

எலும்பு வழியாக ஒலி கடத்தும் போன் கண்டக்‌ஷன் ஹெட்போன் காதை அடைக்காது என்பது உண்மை. ஆனால் ஹெல்மெட் பஞ்சு அதை அழுத்தும், வேகம் கூடினால் ஒலியும் எடுபடாது. மெதுவாகப் போகும் நகரப் பயணத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

ஹெல்மெட் ஸ்பீக்கர் செட்தான் ஏற்றது

ஹெல்மெட்டின் உள்ளே காதுக்கு நேராக ஒட்டும் இரண்டு மெல்லிய ஸ்பீக்கர், வாய்க்கு அருகே ஒரு மைக், வெளியே ஒரு சிறிய கண்ட்ரோல் யூனிட். இதுதான் செட். காதுத் துளை திறந்தே இருப்பதால் வெளி சத்தமும் வரும்.

இதில் இரண்டு வகை உண்டு.

ப்ளூடூத் வகை: தனியாகவோ, பின்னால் ஒருவரை உட்கார வைத்தோ ஓட்டுபவர்களுக்கு இது போதும். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. குழுவாகப் பேசும்போது சங்கிலி போல ஒருவர் மூலம் அடுத்தவருக்கு இணைப்பு போகும். நடுவில் ஒருவர் பின்தங்கினால் சங்கிலி அறுந்துவிடும்.

மெஷ் வகை: குழுவில் உள்ள எல்லோரும் ஒருவரோடு ஒருவர் இணைந்திருப்பார்கள். ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் பேச்சு தடைபடாது. அவர் திரும்பி வந்ததும் தானாக இணைந்துகொள்வார். கார்டோ, சேனா போன்ற நிறுவனங்களின் மெஷ் செட்கள் விலை அதிகம். நான்கைந்து பேர் அடிக்கடி சேர்ந்து ரைடு போவதாக இருந்தால் மட்டுமே அந்தச் செலவு நியாயம்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அது தடையில்லாத வெட்டவெளிக்கான கணக்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் இணைப்பு துண்டிக்கப்படலாம்.

வாங்கும் முன் செக் பண்ண வேண்டியவை

* ஸ்பீக்கர் பள்ளம்: ஹெல்மெட்டின் உள்ளே காதுப் பகுதியில் ஸ்பீக்கருக்கான பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் தெர்மாகோலைக் குடையக் கூடாது. விபத்தில் தலைக்கு வரும் அடியைத் தாங்குவதே அதுதான். இடம் இல்லாத ஹெல்மெட்டில் மெல்லிய ஸ்பீக்கரைத் தேடலாம், இல்லாவிட்டால் ஹெல்மெட்டையே மாற்றலாம்.

* மைக்: முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்கு ஒட்டும் வகை சிறிய மைக். திறந்த முக ஹெல்மெட்டுக்கு நீண்ட தண்டு மைக். மாற்றி வாங்கினால் எதிரில் பேசுபவருக்குக் காற்று சத்தம்தான் கேட்கும்.

* தண்ணீர்: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரலைத் தாங்கும். ஐ.பி.67 என்றால் தூசியும் புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்கும். ஐப்பசி மழையில் ஓட்டுபவர்கள் இதைப் பார்த்தே வாங்கணும்.

* பட்டன்: கையுறையோடு கடையிலேயே அழுத்திப் பாருங்கள். கண்ணால் பார்க்காமல், விரலால் தடவியே வால்யூமைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

சத்தம் குறைவா? செட்டை மாற்ற வேண்டாம்

"காசு கொடுத்து வாங்கினேன், ஒண்ணுமே கேட்கல" என்று புலம்புபவர்கள் முதலில் ஸ்பீக்கரின் இடத்தைப் பாருங்கள். காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஓர் இன்ச் தள்ளி இருந்தாலே பாதி ஒலி காணாமல் போகும். ஹெல்மெட்டை மாட்டி, காது எங்கே வருகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து ஒட்டுங்கள். இடைவெளி இருந்தால் செட்டோடு வரும் பஞ்சை ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்து காதருகே கொண்டுவரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, ஓட்டும்போது கையில் பிடித்து செல்போன் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இயர்போன் மாட்டி ஓட்டியவர்களுக்கு சில நகரங்களில் போலீஸார் அபராதம் விதித்ததும் உண்டு. ஹெல்மெட் செட் இருந்தாலும் நீண்ட அழைப்பு வந்தால் ஓரம் கட்டிப் பேசுவதே நல்லது.

ஒரு எளிய டெஸ்ட்

சிக்னலில் நிற்கும்போது பாட்டு ஓடட்டும். பக்கத்து வண்டிக்காரர் "அண்ணே, சைடு ஸ்டாண்ட்!" என்று சொல்வது காதில் விழுகிறதா? விழுந்தால் வால்யூம் சரி. விழவில்லை என்றால் குறைத்துவிட்டு கிளம்புங்கள். வேகம் கூடியதும் பாட்டு கேட்கவில்லையா? வால்யூமைக் கூட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.