மந்தையை இழந்த காவலன்

நாகர்கோவிலின் புதிய குடியிருப்புகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், சுற்றுச்சுவரின் இரும்பு வாயிலில் தொங்கும் ஒரு பலகையைத் தவறாமல் காண்பர். 'நாய்கள் ஜாக்கிரதை' என்பது அதில் உள்ள வாசகம். பல வீடுகளில் அப்பலகைக்குப் பின்னிருந்து எழுவது 'அல்சேஷன்' நாயின் குரலாகும். வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பொருளில் வீடு எழுப்பிய மக்கள், அவ்வீட்டையும் அதில் தனித்திருக்கும் முதிய பெற்றோரையும் காக்கட்டும் என்று வாங்கி விட்டுச் சென்ற நாய் அது. அதன் விலையை நாம் அறிவோம். அதன் பல்லையும் அறிவோம். ஆனால் அதன் வரலாற்றை அறிவோமா?

இவ்வினா நம்முள் எழுந்தது நம்முடைய ஒரு தவற்றினால்தான். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குத்தந்தையாய் இருந்த ஊரில், முதிய தம்பதியர் இருவர் வீட்டு முற்றத்தில் அன்பியக் கூட்டம் நடந்தது. அவ்வீட்டில் இரண்டு வயது அல்சேஷன் ஒன்று இருந்தது. பகல் முழுவதும் அது சுற்றுச்சுவரின் ஓரமாக இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தால் மண்ணில் ஓர் ஒற்றையடித் தடமே விழுந்திருந்தது. அன்று முற்றத்தில் ஓடியாடிய சிறுவர்களை அது வட்டமிட்டது. ஒவ்வொருவராக மடக்கி ஒரு மூலையில் சேர்த்தது. அவர்களில் ஒரு சிறுமி விலகி ஓடினாள். நாய் பாய்ந்து அவளது குதிகாலைக் கவ்வியது. காயம் சிறிதே, மருத்துவமனையில் ஊசி போடப்பட்டது. ஆயினும் அச்சம் பெரிதாயிற்று.

"என்ன செய்யலாம், சாமி?" என்று அப்பெரியவர் நம்மிடம் கேட்டார்.

"கட்டிப் போடுங்கள்" என்றோம். அவ்வளவே நமக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாய் அன்று என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாம் பின்னர்தான் கற்றோம். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மந்தைத் தொழிலில் நாய்க்கு இருவகைப் பணிகள் உண்டு. ஒன்று காத்தல், மற்றொன்று செலுத்துதல். நம் நாடு நன்கு அறிந்தது முதலாவதையே. கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கத்தை நாஞ்சில் நாட்டு முதியோர் அறிவர். இரவெல்லாம் ஆடுகள் வயலில் அடைந்து கிடக்க, அவற்றின் சாணமும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். கிடைக்காரர் கண்ணயரும் வேளையில் நரிக்கும் திருடனுக்கும் செவி சாய்த்திருப்பது நாய். ஆனால் பகலில் மந்தையை ஓட்டுவது இடையரின் குரலும் கோலுமே. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நாம் பெருமையுடன் சொல்லும் நாட்டு இனங்களும் வேட்டைக்கும் காவலுக்கும் உரியவையே அன்றி, மந்தையைச் செலுத்துவதற்கென வளர்க்கப்பட்டவை அல்ல.

அந்தக் காவல் பணியைத் தமிழர் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்குக் கல்லே சான்றாக நிற்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காக்கும் போரில் மாண்ட ஒரு வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. அவனருகே அவனது நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. 'கோவிவன்' எனப் படிக்கப்பெறும் அதன் பெயரும், கள்வரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மனிதருள்ளேயே எத்தனை கோடிப் பேர் பெயரின்றி மறைந்தனர்! ஒரு நாயின் பெயரோ ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றது.

திருவிவிலியத்திலும் மந்தை நாய் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. யோபு நூலின் 30ஆம் அதிகாரத் தொடக்கத்தில், தம்மை இகழும் இளைஞரின் தந்தையரைத் தம் மந்தையின் நாய்களோடு வைக்கவும் தாம் விரும்பியதில்லை என்று யோபு மனம் கசந்து பேசுகிறார். மரியாதையான பேச்சு அன்று அது. எனினும் அவரது மந்தைக்கு நாய்கள் இருந்தன என்பதை அது காட்டிவிடுகின்றது. தோபித்து நூலிலோ காட்சி வேறு. இளைஞர் தோபியாவும் வானதூதர் இரபேலும் பயணம் புறப்படுகையில் நாயும் உடன் செல்கிறது. திரும்புகையிலும் பின்தொடர்ந்து வருகிறது. அதற்கென்று அங்கே ஒரு பணியும் சொல்லப்படவில்லை. வீட்டாரோடு நடப்பதே அதன் பணி.

இனி, செலுத்தும் நாய்க்கு வருவோம். ஓநாய் இரை தேடும் முறையை எண்ணிப் பாருங்கள். தேடுதல், கண்ணால் குறிவைத்தல், பதுங்கி அணுகுதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என அது படிப்படியாக நிகழும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தெரிந்தெடுத்து வளர்த்து, முற்படிகளைக் கூர்மையாக்கினர். கொல்லும் இறுதிப் படியை மழுங்கச் செய்தனர். வேட்டையின் ஆற்றலே மேய்ப்பின் ஆற்றலாயிற்று. இங்கிலாந்தின் வட எல்லையிலுள்ள நார்தம்பர்லாந்தில் 1893இல் பிறந்த 'ஹெம்ப்' என்னும் நாய் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அது குரைக்காமல், பாய்ந்து அச்சுறுத்தாமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது என்பர். இன்றைய 'பார்டர் கோலி' இனம் அதன் வழி வந்தது.

ஜெர்மனியின் மேய்ப்பருக்கு வேறொரு தேவை இருந்தது. அங்கே வேலியில்லாத பயிர் நிலங்களுக்கு நடுவே குறுகிய தரையில் ஆடுகள் மேய வேண்டும். பயிரில் வாய் வைத்தல் ஆகாது. எனவே நாய் அந்த எல்லையில், உழுசால் ஓரமாக, காலைமுதல் மாலைவரை இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டும் ஆட்டை மடக்கி மந்தையோடு சேர்க்கும். அடங்காததை மெல்லக் கவ்வி விடும். அதனை உயிருள்ள வேலி என்றே சொல்லலாம். சுவரோரத்துத் தடமும், முற்றத்து மூலையில் சேர்க்கப்பட்ட சிறுவர்களும், சிறுமியின் குதிகாலும் இப்போது வாசகர்களின் நினைவுக்கு வரும் என நம்புகிறோம். அந்த நாய் வெறிகொண்டு திரியவில்லை. யாரும் கேளாமலேயே தன் முன்னோரின் கடமையை அது செய்துகொண்டிருந்தது.

இந்த இனத்தை உருவாக்கியவர் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்னும் முன்னாள் குதிரைப்படைத் தலைவர். 1899இல் கார்ல்ஸ்ரூ நகரக் கண்காட்சியில் தம் மனத்துக்கு இசைந்த ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு விலைக்கு வாங்கினார். அதற்கு 'ஹோராண்ட்' எனப் பெயரிட்டு, அதே மாதத்தில் இவ்வினத்துக்கென ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். ஆனால் தொழிற்சாலைகள் பெருகி, மந்தைகள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. தொழில் அழிந்தால் நாயும் அழியும் என உணர்ந்த அவர், காவல் துறைக்கும் படைக்கும் அதனைப் பழக்கச் செய்தார். முதல் உலகப் போரில் அது செய்தி சுமந்தது, காயமுற்றோரைத் தேடியது. கண்ணிழந்த போர்வீரருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி 1916இல் ஓல்டன்பர்க்கில் தொடங்கப்பட்டது. மந்தையை நடத்திய நாய் மனிதனை நடத்தத் தொடங்கிய வரலாறு இது.

அப்போரே அதன் பெயரையும் மாற்றியது. ஜெர்மனி என்ற சொல்லையே வெறுத்த அந்நாளைய பிரிட்டனில், 1919இல் இதற்கு அல்சாஸ் நிலப்பகுதியின் பெயரால் 'அல்சேஷன்' எனப் பெயரிட்டுப் பதிவு செய்தனர். 'ஜெர்மன் ஷெப்பர்டு', அதாவது ஜெர்மன் மேய்ப்பன், என்னும் பழைய பெயர் அங்கே முறைப்படி மீண்டது 1977இல்தான். நாமோ இன்றும் 'அல்சேஷன்' என்றே அழைக்கிறோம். பெயரிலிருந்த மேய்ப்பனைத் தொலைத்ததோடு நில்லாமல், அது மேய்ப்பு நாய் என்பதையும் மறந்துவிட்டோம்.

இத்தகைய நாய்களின் அறிவைப் பற்றி ஐயமில்லை. ஸ்டான்லி கோரென் என்னும் உளவியலறிஞர், நாய்களின் கீழ்ப்படிதலை மதிப்பிடும் நடுவர்களிடம் கருத்துக் கேட்டு 1994இல் ஒரு வரிசையை வெளியிட்டார். அதில் பார்டர் கோலி முதலிடமும் ஜெர்மன் ஷெப்பர்டு மூன்றாமிடமும் பெற்றன. அமெரிக்காவில் ஜான் பில்லி என்னும் ஓய்வுபெற்ற பேராசிரியர், 'சேஸர்' என்ற தம் பார்டர் கோலி நாய்க்கு 1,022 பொருள்களின் பெயர்களைக் கற்பித்தார்; அந்த ஆய்வு 2011இல் வெளியானது. இச்செய்தியைக் கேட்போர் நாயை வியக்கின்றனர். நாம் வியப்பது வேறொன்றை. அம்முதியவர் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அந்த நாயோடு செலவிட்டார். அறிவு நாயினுடையது, அதனை வெளிக்கொணர்ந்த நேரமோ மனிதருடையது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நாள் முழுதும் ஓடுவதற்கென உருவாக்கப்பட்ட உடலுக்கு ஐந்தடிச் சங்கிலி தருகிறோம். ஓயாது சிந்திக்கும் மூளைக்கு ஒரு சுவரைத் தருகிறோம். பின்பு அது ஓயாமல் குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது, மண்ணைத் தோண்டுகிறது என்று குறை கூறுகிறோம். வேலையற்ற ஆற்றல் வேறு எங்கே போகும்?

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. உரோமம் அடர்ந்த அந்த நாய்க்கு நம் ஊர் வெயில் ஆகாது. ஆதலால் விடியலிலும் அந்தியிலும் அதனை நடத்திச் செல்ல வேண்டும். ஒளித்து வைத்த பந்தைத் தேடவும், வாயிலில் அமர்ந்து காத்திருக்கவும், செய்தித்தாளை எடுத்து வரவும் கற்பிக்கலாம். சிறு குழந்தைகளோடு அதனைத் தனியே விடலாகாது; வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடலாகாது. இவற்றுக்கு நேரமில்லாதவர்கள் இத்தகைய நாயை வாங்காதிருப்பதே அறம். முதிய பெற்றோருக்குத் துணையாக நாயை விட்டுச் செல்லும் பிள்ளைகள், அவர்களால் அதனோடு நடக்க இயலுமா என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நாம் அறிவுரை சொன்ன வீட்டின் கதை இவ்வாறு முடிந்தது. அவர்கள் நம் சொல்லைத் தட்டவில்லை. ஒரு தென்னையில் நாயைக் கட்டினர். சுவரோரம் ஓடிய அது இப்போது தென்னையைச் சுற்றியது. இரவெல்லாம் குரைத்தது. ஓராண்டு கழித்து, சோறு வைத்த பெரியவரின் கையையே கடித்தது. ஒருநாள் அதனை யாரோ ஒரு வண்டியில் ஏற்றிச் சென்றனர். எங்கே என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பின்னொரு நாள் அவ்வழியே சென்றபோது அந்த முற்றத்தைக் கண்டோம். தென்னையைச் சுற்றித் தேய்ந்த வட்டத்தில் புல் முளைத்திருந்தது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த மக்களின் வழிவந்த நாம், அந்த நாயின் பெயரைக்கூடக் கேட்டறியவில்லை என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. இனி ஒருவர் வந்து, "என்ன செய்யலாம், சாமி?" என்று கேட்பாராயின், "கட்டிப் போடுங்கள்" என்று சொல்ல மாட்டோம். "அதற்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?" என்று முதலில் கேட்போம்.