ஒன்றியம்: ஒரு சொல்லும் ஓர் எல்லைக்கோடும்

கர்நாடக எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளியில் ‘யூனியன்’ என்றால் யாருக்கும் டெல்லி நினைவுக்கு வராது. “யூனியன் ஆபீஸ்ல பி.டி.ஓ.வைப் பாருங்க” என்பதுதான் அங்கே வழக்கு. ஓசூர் ஆலைக்கு ஷிப்ட் போகிறவருக்கு யூனியன் என்றால் தொழிற்சங்கம். அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பைப் படித்தால் இந்தியாவே மாநிலங்களின் யூனியன். அந்தச் சொல்லைத் தமிழில் ‘ஒன்றியம்’ என்று எழுதுகிறோம்.

ஒன்றுதல் என்ற வினை மிகப் பழையது. அதன் எதிர்மறையில்தான் சுவை இருக்கிறது: ‘ஒன்னார்’ என்றால் பகைவர். வள்ளுவர் அந்தப் பொருளில்தான் கையாள்கிறார். சேராதவனைப் பகைவன் என்றே பெயரிட்டு அழைத்த மொழி இது. சேர்வதற்குப் பின்னால் அன்பைவிட அச்சமே பெரிதாக இருந்த காலத்தின் தடம் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

ஆங்கிலச் சொல் நம் கிராமங்களுக்குள் நுழைந்தது 1884-இல், சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டத்தோடு. பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து யூனியன் ஆக்கித் தெருவிளக்கு, துப்புரவு போன்ற வேலைகளை ஒப்படைத்தார்கள். காமராஜர் ஆட்சியில் வந்த 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் இன்றைய ஊராட்சி ஒன்றியங்களுக்கு அடித்தளம் போட்டது. ஓர் ஊராட்சியின் வரி வருவாயில் ஏரியைத் தூர்வார முடியாது. பல ஊராட்சிகள் சேர்ந்த ஒன்றியத்தால் முடியும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேலானது நீர்வளத் துறையுடையது. கரை உடைந்தால் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதை இந்த ஓர் எண் முடிவு செய்கிறது.

தனித்தனிக் குடியேற்ற நாடுகள் ஒன்றாகச் சேர்ந்த கதையும் இப்படித்தான். 1867-இல் கனடாவாகச் சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்கு அமெரிக்கா படையெடுக்குமோ என்ற பயம் ஒரு பக்கம், ரயில்பாதைக் கடன் மறுபக்கம். அமெரிக்காவின் 13 மாநிலங்கள் 1781-இல் கட்டிய கூட்டமைப்புக்கு வரி போடும் அதிகாரம்கூட இல்லை. போட்டோமாக் ஆற்றில் படகு விடுவது பற்றி வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 1785-இல் பேச உட்கார்ந்தன. அந்தப் பேச்சு நீண்டுதான் 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் புது அரசமைப்பு எழுதப்பட்டது. ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று சுங்கம் வாங்கிக்கொண்டிருந்தன. மக்களிடம் வாக்கெடுத்து, 1901 ஜனவரி 1-இல் ஒன்றான பிறகு, தங்களுக்குள் வணிகம் தடையின்றி நடக்கும் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்தன. நம் 301-ஆம் உறுப்பு அதன் வழி வந்தது. ஓசூர் எல்லையில் லாரிகளை நிறுத்திவைத்த வணிகவரிச் சோதனைச்சாவடியை மூட 2017-இல் ஜி.எஸ்.டி. வரவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

வேப்பனப்பள்ளிக்கு வருவோம். ஊர்ப்பெயரிலேயே எல்லை ஓடுகிறது. ஊர் வேப்பனப்பள்ளி, சட்டமன்றத் தொகுதி வேப்பனஹள்ளி. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் இடம் அது. இந்தச் சீமையின் பழம்பெயர் பாராமகால், இந்துஸ்தானிச் சொல்வழியில் பன்னிரண்டு மகால்கள். 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். எந்த மகாலையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், மைசூர் சமஸ்தானத்தின் மண். 1947 ஆகஸ்டில் மைசூர் மன்னர் ஜெயசாமராஜ உடையார் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மட்டுமே முதலில் டெல்லிக்குப் போயின. இந்தப் பக்கம் சென்னை மாகாணம். கையெழுத்துப் போடு என்று அதனிடம் யாரும் பத்திரம் நீட்டவில்லை. ஆக, ஒரே கோட்டின் ஒரு பக்கம் கேட்டுச் சேர்த்த நாடு, மறுபக்கம் கேளாமலே சேர்ந்த நாடு.

இந்த வேறுபாட்டை அம்பேத்கர் 1948 நவம்பர் 4-இல் அரசமைப்பு அவையில் ஒரே சொல்லால் அழித்தார். மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தியாவை உருவாக்கவில்லை, எனவே பிரிந்துபோகும் உரிமையும் எதற்கும் இல்லை, இதைத் தெளிவாக்கவே ‘யூனியன்’ என்று விளக்கினார். விலக முடியாது என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு இயல்பாக உண்டு என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020-இல் பிரிட்டன் வெளியேறிவிட்டது. அம்பேத்கர் ஏற்றிய பொருள் அது.

விலக முடியாதவர்களுக்குள் வழக்கு வரும். கர்நாடகத்திலிருந்து வேப்பனப்பள்ளி வழியாக ஓடித் தென்பெண்ணையில் கலக்கும் மார்க்கண்டேய நதியின் குறுக்கே, யார்கோலில் கர்நாடகம் அணை கட்டியது. சென்னையும் மைசூரும் 1892-இல் செய்த ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. பணிகளுக்குத் தடை கேட்ட மனுவை 2019 நவம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆற்றின் கடைமடையில் இருப்பவனுக்கு இது கசப்பான தீர்ப்பு. ஆனாலும் போட்டோமாக் கரைக்காரர்கள் புது அரசமைப்பு எழுதித் தேடிக்கொண்ட பொது மேடை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதன் சொல்லைக் கேட்டு மாநிலங்களை நடக்க வைப்பதுதான் பாக்கி வேலை.

2021 ஜூனில் ‘ஒன்றிய அரசு’ என்ற வழக்கு சட்டமன்றத்தில் கேள்விக்குள்ளானபோது, அது சட்டத்தில் உள்ள சொல்தான் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பதில் சொன்னார். என் தீர்ப்பும் அந்தப் பக்கமே. ‘மத்திய’ என்பது இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. ‘ஒன்றிய’ என்பது சேர்ந்தவர்கள் பலர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பாடநூல் எழுதுவோருக்கும் செய்தி எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: விருப்பப்படி விலகும் உரிமையோடு சேர்வது கூட்டமைப்பு, அதிகாரத்தைப் பிரித்துக்கொள்வது கூட்டாட்சி, இந்தியா ஒன்றியம். மூன்றையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.