நுண்மணி உலோகங்களின் உருத்திரிபு: கணினி மாதிரியாக்கம்

உலோகம் என்பது மிகச் சிறிய படிக மணிகள் நெருங்கி அமைந்த திண்மம். அந்த மணிகள் மைக்ரோமீட்டர், நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்திருக்கும்போது, தகைவுக்கு உள்ளாகும் உலோகம் எவ்வாறு வடிவம் மாறுகிறது என்பதைக் கணினியில் கணித்தறியும் துறை இது. இரு மணிகளுக்கு இடையிலுள்ள எல்லை எப்போது தடையாகிறது, எப்போது வழுக்கிச் செல்லப் பாதையாகிறது என்பதே இதன் அடிப்படைக் கேள்வி.

தொடக்கம்

1934இல் பியர்சன் என்ற ஆய்வாளர், பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையை அதன் முதல் நீளத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்குக்கு அறுந்துபோகாமல் இழுத்துக் காட்டினார். இப்பண்பு மீநெகிழ்மை எனப்பட்டது. 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் இதற்கு எதிரானதுபோல் தோன்றும் முடிவை எட்டினர்: மணி சிறுக்கச் சிறுக்க எஃகின் வலிமை கூடுகிறது.

இரண்டும் உண்மையே. குறைந்த வெப்பத்தில், படிகத்துக்குள் நகரும் அணுவரிசைப் பிறழ்வுகளை மணி எல்லைகள் தடுத்து நிறுத்துகின்றன. உருகுநிலையில் (கெல்வின் அளவில்) பாதியைத் தாண்டியதும், நுண்ணிய மணிகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கத் தொடங்குகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கே.ஏ. பத்மநாபன், டேவிஸுடன் சேர்ந்து 1980இல் மீநெகிழ்மை பற்றிய நூலை வெளியிட்டார். பல மணிகளின் எல்லைகள் ஒரே தளத்தில் அமைந்து கூட்டாகச் சறுக்குவதே உருத்திரிபின் வேகத்தை முடிவுசெய்கிறது என்ற கோட்பாட்டைப் பின்னர் வளர்த்தெடுத்தார்.

கணினிக்குள் அணுக்கள்

மரபான நெகிழ்மைச் சமன்பாடுகளில் மணியின் அளவுக்கு இடமில்லை. அணு ஒவ்வொன்றின் நகர்வையும் கணக்கிடும் மூலக்கூற்று இயங்கியல் இக்குறையைத் தீர்க்க முன்வந்தது. 1998இல் டென்மார்க்கின் ஷியோட்ஸ் குழு, சில நானோமீட்டர் மணிகள் கொண்ட செம்பு, மணி மேலும் சிறுத்தால் வலுவிழக்கிறது எனக் கணித்தது. 2003இல் ஷியோட்ஸும் யாக்கப்செனும் 10 முதல் 15 நானோமீட்டர் மணியளவில் செம்பின் வலிமை உச்சம் தொடுவதைக் காட்டினர். அதே ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சுப்ரா சுரேஷ், குமார், வான் ஸ்விகென்ஹோவன் ஆகியோர் சோதனைகளையும் கணிப்புகளையும் ஒருங்கே மதிப்பிட்டனர்.

இம்முறைக்கு ஒரு பெரும் வரம்பு உண்டு. ஆய்வகத்தில் நிமிடக்கணக்கில் நடக்கும் இழுப்பைக் கணினி நானோநொடிகளுக்குள் முடித்துவிடுகிறது. அவ்வளவு வேகத்தில் கிடைக்கும் வலிமையை அப்படியே நடைமுறைக்குக் கொள்ள முடியாது. சோதனையோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

மலாக்காவில் இதன் தேவை

வெள்ளீயம் 232 செல்சியஸில் உருகும். ஆகவே அறை வெப்பம்கூட அதற்கு உருகுநிலையின் பாதியைத் தாண்டியதே. மின்னணுப் பலகையில் வெள்ளீயம் கலந்த பற்றாசு இணைப்பு காலப்போக்கில் மெல்ல உருத்திரிந்து விரிசல் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். எம்.ஐ.டி. பேராசிரியர் லலித் ஆனந்த், சூடான உலோகத்தை உருவாக்கும் வேலைகளுக்காக 1985இல் வெளியிட்ட சமன்பாடு, இன்று பற்றாசின் ஆயுளைக் கணிக்கும் கணினி நிரல்களில் பரவலாகப் பயன்படுகிறது.

மலாக்காவின் பத்து பெரெண்டாமில் இன்ஃபினியன் குறைக்கடத்தி ஆலை இயங்குகிறது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா (யுதேம்) உள்ளது. 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமானது. இயந்திர, உற்பத்திப் பொறியியல் பயிலும் இவ்வட்டார மாணவர்களுக்கு இத்துறை தொலைவிலுள்ள கோட்பாடல்ல. பக்கத்து ஆலையில் உருவாகும் பொருள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு விடை தேடும் கருவி.