கிராம நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரகடம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஊராட்சி. ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு நூலகக் கட்டடம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் காலனிப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "வீட்ல ஒரே ரூம்தான்க்கா. அண்ணன் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குவான், லைட் போட முடியாது. லைப்ரரி பூட்டியே கிடக்கு. சாவி யாருகிட்ட இருக்குன்னே தெரியல."

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது தோழர்களே.

இன்று தொழிற்சாலைகள் நிற்கும் இந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற வாழ்வைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். பஞ்சமி நிலங்கள் அதிலிருந்து பிறந்தவை. இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். படிக்க விடாமல் வைக்கப்பட்ட மக்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்திய காலம் அது. நிலமும் எழுத்தும் நம் முன்னோருக்கு ஒரே போராட்டமாகத்தான் இருந்தன.

பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டோர் நுழைவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் சீனிவாசன்தான். 'பொது' என்று பெயர் இருந்தும் நமக்குப் பொதுவாக இல்லாதவற்றைத் திறக்க ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. இதை மறந்துவிட்டு நூலக வரலாறு பேச முடியாது.

1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார் கனகசபை. அந்த வண்டி மைல் கணக்கைக் குறைத்தது. ஆனால் நம் கிராமங்களில் தூரம் மைலில் மட்டும் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கும், அதைத் தாண்டத் தலைமுறைகள் ஆகும். அதனால்தான் பல சேரிகளில் நம் இளைஞர்களே அம்பேத்கர் பெயரில் படிப்பகங்கள் தொடங்கினார்கள். கூரைக் கொட்டகை, ஒரு பெஞ்ச், இரண்டு நாளிதழ். அவ்வளவுதான். ஆனால் சாவி நம்மிடம் இருந்தது.

1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பலன் அது. நூலகத்துக்கென்று தனி வரியும் அதோடு வந்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். காலனியில் இருக்கும் ஒற்றை அறை வீடும் இந்த வரியைக் கட்டுகிறது. ஆகவே நூலகம் யாரும் நமக்குப் போடும் பிச்சை இல்லை, நம் பணம்.

2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 5 ஆண்டுகளில் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டது. ஊராட்சி நூலகம் அதில் முக்கியமான பணி. நான் மேலே சொன்னதைப் போன்ற கட்டடங்கள் அப்படி வந்தவை. சிக்கல் இங்கேதான். இவை ஊராட்சியின் பொறுப்பு. நூலக வரியோ மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. கேட்கப் போனால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பூட்டு அப்படியே தொங்கும்.

கட்டடம் எங்கே கட்டப்பட்டது என்பதும் சாதிக் கேள்விதான். ஊர் நடுவில், கோயில் பக்கத்தில் இருக்கும் நூலகத்துக்குக் காலனிப் பெண் சாயங்காலம் ஆறு மணிக்குத் தனியாகப் போய் உட்கார முடியுமா? திறந்து வைத்தால் மட்டும் போதாது, போய் உட்காரவும் முடிய வேண்டும்.

கம்பெனிகள் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்கு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போக, ஒரு மேசையும் விளக்கும் சத்தமில்லாத இரண்டு மணி நேரமும் வேண்டும். கிராம நூலகத்தின் வேலை அதுதான்.

ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நூலகம் எந்த நேரம் திறந்திருக்கும்? பொறுப்பாளர் யார்? காலனியில் ஒரு வாசிப்பு அறை எப்போது? கேட்டதோடு விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அந்தத் தங்கையும் நானும் வருகிற கூட்டத்தில் கேட்கப் போகிறோம்.

ஜெய்பீம்.