ஓட்டமாவடியின் மரபுரிமையும் கோறளைப்பற்றின் நீர்நிலை ஒருமையும்

ஒரு பிரதேசத்தின் மரபுரிமையைக் கோயில், பள்ளிவாசல், கல்வெட்டு ஆகிய சின்னங்களின் தொகுதியாக மட்டும் கணிக்கும் வழக்கம் இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போதுமானதன்று. மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனைக் களப்பை அடுத்து அமைந்த ஓட்டமாவடியின் மரபுரிமை, கடல், களப்பு, வயல், காடு என்னும் நான்கையும் ஒரே வாழ்வியலுக்குள் இணைத்த நிலவமைப்பிலேயே வேரூன்றியுள்ளது. ஆதலால் அதனை ஆராய்வதற்கு உரிய அலகு இன்றைய பிரதேச செயலகப் பிரிவன்று, ஓட்டமாவடி அடங்கிய பழைய நிருவாகப் பிரிவான கோறளைப்பற்று முழுவதுமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

களப்பு என்பது கடலோடு வாய்வழித் தொடர்புற்று, உவர்நீரும் நன்னீரும் கலக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பாகும். மட்டக்களப்பு வாவியினின்று வேறான வாழைச்சேனைக் களப்பில் மாதுறு ஓயா வந்து கலக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழை தரும் மாரியில் ஆற்றுவெள்ளம் களப்பின் உவர்ப்பைத் தணிக்க, கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஏறி அதனை மீண்டும் கூட்டுகின்றது. கடலில் பொரித்த இறாற்குஞ்சுகள் களப்பினுள் புகுந்து, கண்டல் வேர்களிடையே இரைதேடி வளர்ந்து, முதிரும் பருவத்தில் கடலுக்குத் திரும்புகின்றன. எனவே தோணியிலிருந்து வலை வீசுபவரின் பிழைப்பும் கடற்றொழிலாளரின் பிழைப்பும் இந்நீர்க் கலப்பையே நம்பியுள்ளன. பெரும்போக நெற்செய்கைக்கும் அதே மாரியே ஆதாரம். 1983இல் நிறைவுற்ற மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தின் கட்டுமானத்தின்போது பண்டைய மதகு ஒன்று வெளிப்பட்டமை, இவ்வாற்றின் நீரை ஆளும் முயற்சி மிகப் பழையது என்பதற்குச் சான்றாகும். மேல்நிலத்தில் நீரைத் தேக்குவதும் திறப்பதும் கீழ்நிலக் களப்பைத் தொடுவதால், பிரிவு எல்லையோடு நின்றுவிடும் ஆய்வு களப்பின் மாற்றங்களை விளக்க மாட்டாது.

சமூக அமைப்பும் இதனையே வலியுறுத்துகின்றது. தாய்வழியாகத் தொடரும் குலப்பிரிவான 'குடி', மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தில் உரிமைகளை வகுத்ததோடு, வீட்டைச் சீதனமாக மகளுக்கு அளித்து, மணமகன் மனைவி வீட்டில் வாழும் வழக்கத்தோடும் அது இணைந்திருந்தது. போக்குவரத்தும் பிரிவு எல்லைகளைக் கடந்ததே: 1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதைக்காகக் களப்பின் குறுக்கே எழுந்த இரும்புப் பாலம், நீண்டகாலம் புகையிரதத்தையும் வீதி வாகனங்களையும் ஒரே தளத்தில் தாங்கி, ஓட்டமாவடியைப் பொலன்னறுவைக்கும் திருகோணமலைக்கும் செல்லும் வழிகளின் வாயிலாக்கியது. இம்மண்ணில் பிறந்த எழுத்தாளர் எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' போன்ற ஆக்கங்களையும் இம்மரபுரிமையின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.

இன்று கோறளைப்பற்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளாகியுள்ளது. ஒவ்வொரு சமூகமும் தன் அலுவலை அருகிலேயே முடித்துக்கொள்ள இப்பகுப்பு உதவுகின்றது என்பது ஏற்கத்தக்கதே. குறிப்பாக, போர்க்காலத்தில் தமிழ்–முஸ்லிம் உறவு சிதைந்து அச்சம் நிலவிய சூழலில், தனி நிருவாகத்தை மக்கள் நாடியமையும் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் நிருவாக வசதிக்கான கோடு பண்பாட்டின் கோடாகிவிடலாகாது. கண்டற்காடு, பழைய பாலம், குடி வழக்கு, பருவந்தோறும் மாறும் மீன்பிடி முறை ஆகியவற்றை ஐந்து பிரிவுகளும் கூட்டாக ஆவணப்படுத்துவதும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் அதற்குத் துணைநிற்பதும் காலத்தின் தேவை. அத்தகைய ஆவணமே, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரைப் பகிர்ந்து வளர்த்த வரலாற்றை இருவருக்கும் உரிய பொதுச் சொத்தாக நிலைநிறுத்தும்.