சின்ன ஓட்டைகள் வீண் இல்லை

1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஹோவர்டு பெக்கருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. ஓட்டைகள் நிறைந்த கார்பனை மின்முனையாக வைத்துச் செய்த கெப்பாசிட்டர் அது. வேடிக்கை என்னன்னா, மின்சாரத்தைச் சேமிக்கும்போது உள்ளே சரியாக என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என அவரே அதில் எழுதியிருக்கிறார். கார்பனின் ஓட்டைகளில் தங்குவதாக நம்பினார், அவ்வளவுதான்.

விளக்கம் பிறகு வந்தது. கரைசலில் உள்ள அயனிகள் கார்பன் பரப்பில் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒரு சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கார்பனில் 1000 சதுர மீட்டர் பரப்பு இருந்தால், போட்டுப் பாருங்க, 100 ஃபாரட்!

அப்போ பரப்பைக் கூட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் இறங்கினார்கள். பரப்பு இரட்டிப்பானது, கொள்ளளவு ஆகவில்லை. பழி சின்ன ஓட்டைகள் மேல் விழுந்தது. கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்த அயனி ஏறக்குறைய 1.3 நானோமீட்டர். அதைவிடச் சின்ன ஓட்டையில் எப்படி நுழையும்? அதனால் 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டைகளைத் தேடினார்கள்.

சிக்கல் என்னன்னா, சாதாரண கார்பனில் எல்லா அளவு ஓட்டைகளும் கலந்து கிடக்கும். எது வேலை செய்யுது, எது சும்மா இருக்குன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. புரொஃபைலர் இல்லாம மெதுவா ஓடுற புரோகிராமைத் திருத்துற மாதிரிதான்.

2006-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் யூரி கோகோட்சி, பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த பாட்ரிஸ் சிமோன் ஆகியோரின் குழுக்கள் இதைப் பிரித்துப் பார்த்தன. டைட்டானியம் கார்பைடிலிருந்து குளோரின் வாயுவால் டைட்டானியத்தை நீக்கினால் மிஞ்சுவது கார்பன். வெப்பநிலையை மாற்றினால் ஓட்டையின் அளவும் மாறும். ஒரு மாதிரியில் ஓட்டைகள் பெரும்பாலும் ஒரே அளவு. ஓட்டை 1 நானோமீட்டருக்குக் கீழே போனதும் கொள்ளளவு குறையவில்லை, ஏறியது!

விரித்த குடையை மடக்கிட்டு பஸ்ஸில் ஏறுற மாதிரி, அயனி கரைப்பான் உறையைக் களைந்துவிட்டு உள்ளே போகிறது என்பது அவர்கள் விளக்கம். சுவருக்கும் அயனிக்கும் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் கொள்ளளவு கூடும். இது பள்ளிக்கூடப் பாடம்தான். 2008-ல் கரைப்பானே இல்லாத அயனித் திரவத்தில் சோதித்தார்கள். ஓட்டை, அயனியின் அளவான சுமார் 0.7 நானோமீட்டருக்குப் பொருந்தும்போதுதான் உச்சம். அதைவிடச் சின்னதானால் மறுபடியும் குறைகிறது.

சந்தையில் கிடைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர்களுக்கான கார்பனில் நிறைய, கொட்டாங்குச்சிக் கரியிலிருந்து வருவது. அதில் பெரும்பாலும் இருப்பதும் இந்தச் சின்ன ஓட்டைகள்தான்.