ஆஞ்சான் கயிறு

பாய்க்கப்பலின் ஓவியம் ஒன்றைக் காணும்போது நம் கண்கள் முதலில் பாயை நாடுகின்றன. அடுத்து அதைத் தாங்கி நிற்கும் பாய்மரத்தை நாடுகின்றன. பாயை உயர்த்தும் கயிற்றை நாம் அநேகமாக நோக்குவதில்லை. ஆனால் கடலோடி ஒருவன் காலையில் கப்பலேறியதும் முதலில் தடவிப் பார்ப்பது அந்தக் கயிற்றைத்தான். மரம் எவ்வளவு உறுதியாய் இருந்தாலும், பாய் எவ்வளவு புதியதாய் இருந்தாலும், கயிறு அறுந்தால் பாய் கீழே விழும். பாய் விழுந்த கப்பல் நடுக்கடலில் மிதக்கும் கட்டைதான்.

அந்தக் கயிற்றுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: ஆஞ்சான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பருமலில் கட்டிய ஆஞ்சான் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்குள்ள கப்பியில் புகுந்து, மறுபுறம் தளத்துக்கு இறங்குகிறது. பாயின் கீழ் நுனியைக் காற்றுக்கேற்ப இழுத்துக் கட்டும் கயிறு தாமான். வெயிலும் உப்பும் கப்பியின் உராய்வும் இக்கயிறுகளை ஓயாமல் தின்கின்றன. எனவே ஒவ்வொரு பாய்மரத்திலும் அவ்வப்போது பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதிய கயிற்றைக் கோக்கவேண்டியிருக்கிறது.

இந்த எளிய வேலைக்குள் ஒரு விதி இருக்கிறது. பழைய கயிற்றை முதலில் உருவி எறியக்கூடாது. அதன் வால்நுனியில் புதிய கயிற்றின் தலையைச் சேர்த்துத் தைத்து, கப்பியில் சிக்காதபடி முடிச்சில்லாமல் மெலிதாகச் சுற்றிக் கட்டவேண்டும். பின்னர் ஒருவர் பழைய கயிற்றை மெல்ல இழுக்க, மற்றொருவர் புதியதை ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அப்போது பழைய கயிறே புதிய கயிற்றை உச்சிவரை அழைத்துச் சென்று, கப்பியைக் கடக்கச் செய்து, கீழே இறக்கி நம் கையில் ஒப்படைத்துவிடுகிறது. இணைப்பு நடுவழியில் பிரிந்துவிட்டாலோ, கட்டாமலேயே பழையதை உருவிவிட்டாலோ, ஒருவர் உயிரைப் பணயம் வைத்து உச்சிக்கு ஏறுவதைத் தவிர வழியில்லை.

நம் கடற்கரையின் வரலாற்றை இந்த விதியின் வெளிச்சத்தில் நோக்குவோம்.

சோபட்மா முதல் செங்கடல் வரை

நாம் இருக்கும் இடையஞ்சாவடி செம்மண் மேட்டில் அமைந்த ஊர். கிழக்கே சில கல் தொலைவு இறங்கினால் பொம்மையார்பாளையத்துக் கடல். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கூனிமேட்டைக் கடந்து மரக்காணத்து உப்பளங்களை அடையலாம். உப்புக்காகவே இன்று அறியப்படும் மரக்காணம், ஒரு காலத்தில் மரக்கலங்களுக்காக அறியப்பட்ட ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், இக்கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றைக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பதை அரிக்கமேட்டோடும், சோபட்மா என்பதை மரக்காணத்தோடும் ஆய்வாளர் பலர் பொருத்திக் காண்கின்றனர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினமும் இதுவே என்பர். இக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த பெருங்கலங்கள் ‘சங்கரா’ என்று அழைக்கப்பட்டதையும் அந்தக் கிரேக்க நூலே நமக்குச் சொல்கிறது.

அக்காலத் தமிழர் பாய்மரத்தைக் கூம்பு என்றும், பாயை இதை என்றும் வழங்கினர். கடுங்காற்றில் சிக்கிய மரக்கலம் ஒன்றை மதுரைக்காஞ்சி உவமையாகக் காட்டுகிறது. அங்கே கயிறு அறுகிறது, பாய் கிழிகிறது, கூம்பு அடியோடு முறிகிறது. அழிவு எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் புலவர் அறிந்தே பாடியிருக்கிறார்.

அந்தப் பாய்களும் கயிறுகளும் மக்கி மறைந்திருக்கவேண்டும் என்றே நாம் எண்ணுவோம். நம் ஈரமண்ணில் அவை மறைந்தும் போயின. ஆனால் எகிப்து நாட்டுச் செங்கடற்கரையின் வறண்ட மணல் சிலவற்றைக் காத்து வைத்திருந்தது. பெரெனிகே, குசைர் அல்-காதிம் ஆகிய பழைய துறைமுகங்களில் நடந்த அகழாய்வுகளில், இந்தியப் பருத்தியால் நெய்ததாகக் கருதப்படும் பாய்த்துணியின் கிழிசல்கள் கிடைத்தன. கொம்பாலும் மரத்தாலும் செய்த சிறு வளையங்களும் கிடைத்தன. பாயின் முகப்பில் இவற்றை வரிசையாகத் தைத்து, அவற்றினூடே கயிறுகளைக் கோத்து, தளத்தில் நின்றபடியே பாயைச் சுருக்கினார்கள் அக்காலக் கடலோடிகள். கயிற்றை மாற்றும்போது ஒவ்வொரு வளையத்தின் வழியாகவும் மீண்டும் கோக்கவேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் யாரோ ஒருவர் பொறுமையோடு இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துக்கள் உள்ளன. ‘பானை ஒறி’ என்று அதனை ஐராவதம் மகாதேவன் 2007ஆம் ஆண்டு வாசித்து விளக்கினார். கயிற்று உறியில் தொங்கும் பானை என்பது பொருள். அந்த ஓடு எகிப்து மண்ணில் நமக்காகக் காத்துவைத்த சொற்கள் ஒரு பானையையும் ஒரு கயிற்றையும் குறிப்பவை.

அவிழ்த்துக் கட்டும் மரபு

நம் கரையோர மக்களுக்குக் கயிற்றைப் புதுப்பிப்பது எப்போதாவது செய்யும் பழுதுபார்ப்பு அன்று. அது அன்றாட வாழ்க்கை. கட்டுமரம் என்ற பெயரே கட்டியதால் வந்தது. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் பரப்பி உலர்த்தி, மறுமுறை கடலுக்குச் செல்லும்போது மீண்டும் பிணைத்தார்கள். துறைமுகம் இல்லாத சென்னைக் கடற்கரையில், கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுத்தது. நைந்த தையலைப் பிரித்துப் புதிதாகத் தைத்தார்கள். தென்னை நாருக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரே நம் தென்னாட்டுக் ‘கயிறு’ என்னும் சொல்லிலிருந்து சென்றதுதான்.

கப்பல் தொழிலின் சொற்களும் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. ஆடையின் விளிம்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே பாயின் நுனிக்கயிறான தாமானாக நம்மிடம் வந்து சேர்ந்தது. கூம்பும் இதையும் வழக்கொழிந்தபோது, இச்சொற்கள் பழைய அறிவின் நுனியில் கட்டப்பட்டு உள்ளே வந்தன. சொற்கள் மாறின; தொழில் அறுபடவில்லை.

கத்தோலிக்கராகிய நமக்கும் பாய்மரத்தோடு ஓர் உறவு உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டில், புயலில் முறிந்த பாய்மரத்திலிருந்து செய்யப்பட்ட சிலுவையைப் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ஒருவர் நேர்ச்சையாக 1540இல் நட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் ஏறும் கொடியும், நம் சிற்றூர்ப் பங்குகளின் கொடியேற்றமும் வேறென்ன? உச்சியில் கப்பி, அதில் ஓடும் கயிறு, கீழே இழுக்கும் கைகள். கொடிமரத்துக் கயிற்றை மாற்றும் கோயில்பிள்ளை, பழைய கயிற்றின் நுனியில் புதியதைக் கட்டாமல் ஒருபோதும் உருவமாட்டார். கடலோடியின் விதி அவருக்கும் தெரியும்.

கட்டாமல் உருவிய கயிறு

இம்மரபு அண்மைக்காலம் வரை எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு ஈழத்து வல்வெட்டித்துறை சாட்சி. 1930ஆம் ஆண்டளவில் அங்கே உள்ளூர்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 89 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடையது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளைக் கொண்ட அக்கப்பல், சூயஸ் கால்வாயையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தனை நெடிய பயணத்தில் எத்தனை முறை ஆஞ்சான் மாற்றிக் கோக்கப்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதற்கான அறிவு எந்தப் பள்ளியிலும் கற்றதன்று. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்தது.

அதன்பின் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குள் நம் கரையிலிருந்து பாய் மறைந்துவிட்டது. தூத்துக்குடித் தோணிகளில் இயந்திரம் ஏறியது. 1980களில் சிறு படகுகளிலும் கட்டுமரங்களிலும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவத் தொடங்கின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைத் துடைத்த பின்னர், நிவாரணமாக வந்த கண்ணாடி இழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

இயந்திரத்தை நாம் பழிக்கலாமா? கூடாது. காற்று ஓய்ந்த நாளில் துடுப்பு வலித்து வலித்துக் கை மரத்துப்போன மீனவரிடம் பாயின் அழகைப் புகழ்வது அன்புக்கு அடுத்ததன்று. விரைவாகக் கரை சேர்வதும், புயலுக்கு முன் வீடு திரும்புவதும் அவருக்கு உரிய நன்மைகள். குறை வேறிடத்தில் இருக்கிறது. பழைய கயிற்றை உருவி எடுத்தபோது, அதன் நுனியில் நாம் எதையும் கட்டவில்லை. காற்றின் பெயர்களும், நீரோட்டத்தின் குறிகளும், மரத்தைத் தேரும் கண்ணும், கயிற்றைப் பிணைக்கும் விரலும் யாரிடமும் ஒப்படைக்கப்படாமலேயே வெளியேறின. ஜோ டி குருஸ் தமது ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகிய புதினங்களில் நெய்தல் வாழ்வின் சொற்களை எழுத்தில் காத்துத் தந்தார். கையின் அறிவை ஒரு நூல் மட்டும் காத்துவிட முடியாது.

கட்டாமல் உருவிய கயிற்றை மீண்டும் கோப்பது எவ்வளவு கடினம் என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலை மாதிரியாகக் கொண்டு, தையல் கப்பல் ஒன்றைக் கட்ட 2023இல் பணி தொடங்கியது. வரைபடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. சுவரில் ஓர் ஓவியம் மட்டுமே இருந்தது. கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கைவினைஞர்கள் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் மாதிரியை நீரில் சோதித்தது. 2025 மே 21ஆம் நாள் ‘கௌண்டின்யா’ என்னும் பெயரோடு கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட அக்கப்பல், அவ்வாண்டின் இறுதியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் பாய் விரித்தது. பெருமைக்குரிய செயலே! ஆயினும் தொடர்ச்சியாகக் கைமாறியிருந்தால், ஓவியத்தைப் பார்த்து ஊகிக்கும் இந்த உழைப்பு தேவைப்பட்டிராது. பாபு சங்கரன் போன்றோரின் கைகளில் தையற்கலை இன்னும் இருந்ததால்தான் இதுவும் கைகூடியது.

மற்றொரு செய்தி நமக்கு நம்பிக்கை தருகிறது. நம் அருகிலுள்ள புதுச்சேரியைச் சார்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சார்ந்த தில்னாவோடு ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பினார். இக்காலப் பாய்க்கப்பல்களில் பாய்மரம் பெரும்பாலும் உள்ளீடற்ற உலோகக் குழாய். ஆஞ்சான் அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. உள்ளிருக்கும் கயிறு நழுவிவிட்டால், உச்சியிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கிக் கீழ்த்துளையில் துழாவவேண்டும். ஆகவே கட்டைப் பிரிக்காமல் இழுப்பதே அங்கும் முதல் பாடம். உலோகமும் செயற்கை இழையும் வந்தபின்னும் விதி மாறவில்லை.

நாம் செய்யத்தக்கது என்ன?

மரக்காணம் முதல் புதுச்சேரி வரையுள்ள குப்பங்களில், பாய் கட்டிக் கடலுக்குச் சென்ற முதியவர்கள் இன்னும் சிலர் வாழ்கிறார்கள். எழுபதைக் கடந்தவர்கள்; அவர்களுள் எத்தனை பேர் அடுத்த கொடியேற்றத்தைக் காண்பர் என்று நம்மால் சொல்ல முடியாது. வாசகர்களே, இவ்வாண்டுத் திருவிழாவுக்குக் கொடிமரத்துக் கயிற்றை மாற்றும் வேளையில், அவர்களுள் ஒருவரை அழைத்து வாருங்கள். இளையோரை அவர் அருகில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர் வழங்கும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் காற்றுகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதோடு நின்றுவிடாமல், இரண்டு கயிறுகளை முடிச்சின்றிச் சேர்க்கும் விதத்தை அவர் விரல்களைப் பார்த்து, அவர் திருத்தத் திருத்த, பிள்ளைகளின் விரல்களும் பழகட்டும்.